ஏழு கதவுகளில் கட்டிய துணி

சில மாதங்களுக்கு முன் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிறுவர்களுக்கு அறிவியல் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தால் எங்கே போனாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். வேறு கிரகத்தில் மனிதர்கள் உண்டா, ரோபோ அழுமா, இப்படி. அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வேறு ஒன்று கேட்டாள். "உங்க கதையில வர்ற அறிவாளிப் பிள்ளைங்க எல்லாம் ஏன் மிஸ் தனியாவே இருக்காங்க? ஒரு ஃப்ரெண்டு கூடவா கெடையாது?"

நான் நன்றாகச் சமாளித்தேன். மற்றவர்களைப் போல இல்லாததுதான் அவர்களுடைய பலம், ஊர் ஒதுக்கி வைக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சக்தி விழித்துக்கொள்கிறது என்று அளந்துவிட்டேன். ஆசிரியைகள் தலையாட்டினார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். கேட்ட பெண் மட்டும் உட்காரவில்லை. "ஒதுக்காம விட்டா சக்தி வராதா மிஸ்?" என்றாள். நேரமாகிவிட்டது என்று தலைமையாசிரியை மைக்கை வாங்கிக்கொண்டார். தப்பித்தேன்.

தப்பிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். சொல்லிக்கொள்கிற மாதிரியான பதில் இல்லை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் நாங்கள் ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் எட்டு வீடு, எட்டுக்கும் முன்னால் ஒரே நடை, கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர், எதிர் வீட்டு மாடியில் இருந்தார். நாங்கள் மதுரைப் பக்கம். எங்கள் வீடு ஐந்தாவது. எல்லா வீட்டு ஆண்களும் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். என் அப்பாவுக்கு மட்டும் எப்போதும் ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை. மற்றவர்களுக்கு ஏ, பி, சி என்று வாரத்துக்கு வாரம் மாறும். சி ஷிப்ட் என்றால் இரவு முழுக்க வேலை, பகல் முழுக்கத் தூக்கம்.

அந்தத் தூக்கத்துக்காக எங்கள் லைனில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சி ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார் என்றால், கம்பெனியில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் இருக்கிறதே, அதில் ஒரு கிழிசலை எடுத்து வாசல் நாதாங்கியில் கட்டிவிடுவார்கள். துணி கட்டிய கதவை யாரும் தட்டக் கூடாது. அதை அவிழ்க்கும் வரைக்கும் நடையில் பந்து இல்லை, கத்தல் இல்லை, குடத்தைக் கூட நங்கென்று வைக்கக் கூடாது. நாங்கள் குடிவந்த வருடம், முதல் வீட்டு மாமா பகலில் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போய் பிரஸ் மெஷினில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்குப் பகலில் பிள்ளைகள் நாங்கள் அவர் வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு வந்ததுதான் துணி. வேறு எதற்கு அடங்காத பிள்ளையும் அந்தத் துணிக்கு அடங்கும்.

கடைசி வீட்டில், எட்டாவதில், அவள் இருந்தாள். சாமல்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை ஏமாற்றிய வருடத்தில் அவள் அப்பா பவுண்டரி வேலைக்கு வந்துவிட்டார். அவள் எனக்கு ஒரு வகுப்பு கீழே, எட்டாவது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டாள், காதுப் பக்கம் எங்கேயோ பார்ப்பாள். பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் சொன்னபடி செய்வாள், அதில் ஒரு இம்மி மாறாது. தட்டில் குழம்பும் பொரியலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சாப்பாட்டை ஒதுக்கிவிடுவாள். அவள் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. "என் பொண்ணுக்கு மூளையிலயே கடியாரம் இருக்குது" என்று தொட்டியடியில் பெருமையாகச் சொல்வார்.

உண்மையிலேயே இருந்தது. எட்டு வீட்டு ஆண்களும் ஐந்து கம்பெனிகளில் வேலை செய்தார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஷிப்ட் மாறுகிற கணக்கு வேறு. அத்தனையும் அவள் மண்டைக்குள் இருந்தது. "ஏண்டி, தீபாவளியன்னைக்கு உங்க மாமாவுக்கு என்ன ஷிப்டு?" என்று மூன்றாம் வீட்டு அத்தை மார்ச் மாதத்தில் கேட்டால், கேட்டு வாய் மூடுவதற்குள் "பி ஷிப்டு. ஆனா லீவு வுடுவாங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டே தெருமுனையில் திரும்புகிற பஸ் எந்தக் கம்பெனி பஸ் என்று சத்தத்தை வைத்துச் சொல்வாள். தினமும் பகல் இரண்டரைக்கு, பி ஷிப்ட் ஆட்களை ஏற்ற வரும் பஸ்களைப் பார்க்கத் தெருமுனையில் போய் நிற்பாள். அவளுடைய கணக்கு டீச்சர் இதையெல்லாம் கவனித்து, ஒரு பெரிய உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குப் பேர் கொடுத்திருந்தார். மே மாதம் பரீட்சை. தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேயே தங்கிப் படிக்கலாம். அவள் அப்பா யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது கதைப் பைத்தியம். கிளை நூலகத்தில் இருந்த அறிவியல் கதைகளை ஒன்று விடாமல் படித்து முடித்து, நானே ஒன்று எழுத உட்கார்ந்திருந்தேன். மூன்று சூரியன் உள்ள ஒரு கிரகம், அங்கே மூளைக்குள் கடிகாரத்தோடு பிறந்த ஒரு பெண். யாரைப் பார்த்து எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. படித்த கதைகளிலிருந்து நான் ஒரு வாய்ப்பாடு வேறு கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தக் கதைகளில் கெட்டிக்காரக் குழந்தை எப்போதும் மற்றவர்களிடமிருந்து வித்தியாசமாக இருக்கும். அதனால் ஒதுக்குவார்கள். ஒதுக்கினால் துயரம், துயரத்தில் சக்தி, சக்தியால் உலகம் பிழைக்கும். என் கதாநாயகியும் தனியாக இருந்தாக வேண்டும். ஆனால் எட்டாம் வீட்டுப் பெண் தனியாக இல்லை. சாயங்காலம் நாங்கள் ரிங் பால் ஆடும்போது அவள்தான் ஸ்கோர் சொல்வாள், சண்டையே வராது.

அதனால் அவளைத் தனியாக்கினேன். ரொம்பச் சுலபமாக இருந்தது. "அவளுக்கு நம்மகூட ஆட இஷ்டமில்லையாம்" என்று மற்ற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் அவள் வந்து, "அக்கா, நான் ஸ்கோர் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம், நாங்களே பாத்துக்குறோம்" என்றேன். அவள் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து யாருக்கும் கேட்காமல் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குப் போய் அவள் உதடு அசைந்த விதத்தை நோட்டில் எழுதி வைத்தேன். நன்றாக வந்திருந்தது. எழுத்தாளராம், பெரிய எழுத்தாளர்.

ஏப்ரலில் பள்ளி விடுமுறை. கதையில் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கதாநாயகியின் மூளைக் கடிகாரம் ஒன்று சொல்கிறது, கிரகத்தின் விதி வேறு ஒன்று சொல்கிறது. அவள் எதை நம்புவாள்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவளிடமே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த வாரம் மூன்றாம் வீடும் ஆறாம் வீடும் மட்டும்தான் சி ஷிப்ட், மற்ற வீட்டு ஆண்கள் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார்கள். அது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அப்பா வண்டி துடைக்கக் கொண்டு வந்து வைத்திருந்த பனியன் வேஸ்டிலிருந்து ஐந்து கிழிசல் எடுத்தேன். பகல் சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் புழுதிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணசந்திருந்த நேரம். எதிர் மாடி வீட்டுக்காரம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். துணி இல்லாத ஐந்து நாதாங்கிகளிலும் கட்டினேன், எங்கள் வீட்டையும் சேர்த்து. அவள் வீட்டைத் தவிர ஏழு கதவிலும் இப்போது துணி. இரண்டரைக்குப் பஸ் பார்க்க வருவாள், ஏழையும் பார்ப்பாள், குழம்புவாள், நான் எழுதிக்கொள்வேன், பிறகு அவிழ்த்துவிடுவேன். இவ்வளவுதான் திட்டம். ஜன்னல் திரைக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் இரண்டரைக்கு வரவில்லை. இரண்டு மணிக்கே ஓடி வந்தாள். செருப்பு இல்லை. ஏழாம் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினாள், துணியைப் பார்த்தாள், இறக்கினாள். ஆறாம் வீட்டிலும் அப்படியே. எங்கள் கதவுக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு திரைதான். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கை மேலே போனது, கீழே வந்தது. இப்படி முதல் வீடு வரைக்கும் போனாள். நான் எழுதினேன்: "கையைத் தூக்குகிறாள். இறக்குகிறாள். ஏழு முறை."

திரும்பி வந்து நடையின் நடுவில் உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உதட்டை அசைத்தாள். கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வெற்றி பெற்ற மாதிரி இருந்தது எனக்கு. ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஏன் சீக்கிரம் வந்தாள், ஏன் செருப்பில்லை என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுந்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

இரண்டரைக்கு முதல் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் துள்ளி எழுந்து தெருமுனைக்கு ஓடினாள். பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாளாம். கன்னடக்கார டிரைவர் என்ன ஆச்சோ என்று பதறி "ஏனாய்த்தம்மா?" எனக் கத்திக்கொண்டே இறங்கி வர, பின்னாலேயே பஸ்ஸிலிருந்து நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். எட்டாம் வீட்டுக்குள் போனார்கள். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அம்மா பரண்மேல் இருந்த அண்டாவை எடுக்க ஸ்டூலில் ஏறி, சறுக்கி, சமையல் மேடை விளிம்பில் தலை அடித்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். இரண்டு மணியிலிருந்து.

சத்தம் கேட்டு ஏழு கதவும் திறந்தன. எல்லாரும் எட்டாம் வீட்டைப் பார்த்து ஓடினார்கள், என் அம்மாவும் ஓடினாள். நாதாங்கியை யார் பார்ப்பார்கள்? நான் மட்டும் எதிர்ப் பக்கமாக ஓடினேன். முதல் வீடு, இரண்டாம் வீடு, நான்காம் வீடு, எங்கள் வீடு, ஏழாம் வீடு. ஐந்து துணியையும் அவிழ்த்து உருட்டி நோட்டுக்குள் திணித்துக்கொண்டேன். அந்தச் சமயத்திலும் மூன்றையும் ஆறையும் தொடக் கூடாது என்று மூளை வேலை செய்தது. எனக்கும் மூளை இருந்திருக்கிறது.

அவள் அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறிப் போனது. "ஒரு அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அரை மணி லைன் முழுக்கச் சுற்றியது. மறுநாள் சாயங்காலம் தொட்டியடியில் அவளை நடுவில் நிறுத்திவைத்து விசாரித்தார்கள். அவள் அப்பா கோபப்படவில்லை, கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். "ஏம்மா, ஒரு கதவத் தட்டக் கூடாதா? உங்கம்மா அப்படிக் கெடக்கறா, நீ நடையில ஒக்காந்துனு இருந்தேங்கறியே?"

"ஏழு கதவுலயும் துணி கட்டியிருந்துச்சு. தட்டுனா யாருக்காவது வெரலு போயிடும்" என்றாள்.

"ஏமே, நேத்து மூணும் ஆறும் தானே கட்டிருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரம்மா.

அவள் ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். "இருந்துச்சு. மூணும் ஆறும்தான் சி ஷிப்டு, அது எனக்குத் தெரியும். ஆனா ஏழுலயும் இருந்துச்சு. அதான் கணக்குப் போட்டுப் பாத்தேன். வரல. பஸ்ஸுல வர்றவங்க தூங்க மாட்டாங்கன்னு பஸ்ஸுக்குப் போனேன்."

இதைக் கேட்டவர்களில் அது எவ்வளவு பெரிய யோசனை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கதாநாயகிக்கு நான் எழுதி வைத்திருந்த எந்த முடிவும் அதன் கால் தூசிக்குக் காணாது. விதியையும் மீறாமல், யார் விரலுக்கும் ஆபத்து வைக்காமல், கட்டாயம் விழித்திருக்கிற மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்று அந்த நடுக்கத்திலும் கண்டுபிடித்திருக்கிறாள். "பாவம், பயத்துல பிள்ளைக்கு என்னென்னமோ தெரிஞ்சிருக்கு" என்றாள் என் அம்மா. மூன்றாம் வீட்டு அத்தை அவ்வளவு நல்லவள் இல்லை. "ஷிப்டு சொல்லத் தெரிஞ்சா மட்டும் போதுமா, அறிவு வேணாமா?" என்றாள். நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சாமான்களை மினி லாரியில் ஏற்றினார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஊருக்கே திரும்பிப் போகிறார்கள். கணக்கு டீச்சர் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இத நம்பி எப்பிடிங்க டீச்சர் ஆஸ்டலுக்கு அனுப்பறது? ஆபத்துன்னா கதவத் தட்டணும்னு கூடத் தெரியலியே" என்று அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். என் காதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுலயும் துணி இருந்துச்சு. உங்கப்பாவுக்கு ஜெனரல் ஷிப்டு. யாரு தூங்குனாங்க?"

மற்றவர்களிடம் சும்மா இருந்தது ஒரு பாவம். இது தனி. "எங்க வீட்டுல துணியே கட்டலயே" என்றேன்.

அவள், "அப்ப எனக்குக் கணக்கு தப்பிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கதை அடுத்த வருடம் ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. ஏழு கதவு அத்தியாயத்தை மட்டும் குறிப்பிட்டு, கதாநாயகியின் தனிமை அப்படியே நெஞ்சில் இறங்குகிறது என்று ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். கதையில் கதவுகளைப் பூட்டியது ஒரு கெட்ட கம்ப்யூட்டர். அவள் அதைத் தோற்கடித்துக் கிரகத்தைக் காப்பாற்றுகிறாள். அதன்பிறகு நான் எழுதிய கெட்டிக்காரக் குழந்தைகள் எல்லாரும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள்தான். எல்லாரையும் ஜெயிக்க வைத்தேன். அதனால் சாமல்பட்டியில் யாருக்கு என்ன லாபம்?

ஏழெட்டு வருடம் கழித்து, மாம்பழ சீசனில், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஊத்தங்கரை பஸ் நிற்கிற இடத்தில், முகத்தைப் பார்க்காமல் பஸ்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் போனதும், "அஞ்சாம் நம்பர் வீட்டு அக்கா" என்றாள். நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலையாம். அம்மாவைக் கேட்டேன். "இருக்குறாங்க. நான்தான் தலை வாரி வுடறேன்" என்றாள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "நாளைக்கு என்ன ஷிப்ட்?" என்று கேட்டுவைத்தேன்.

அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத் திருப்பி, பின்னால் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். "ஏ ஷிப்டு" என்றாள். நான் சீட்டையே பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். "மனசுல வெச்சா எனக்குத் தப்பிடும்க்கா. எழுதி வெச்சுக்குவேன்."

எட்டு வீட்டு ஷிப்ட்டை மண்டைக்குள் வைத்திருந்தவள், தன்னுடைய ஒரு ஷிப்ட்டைச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள். அங்கேயே, பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், எல்லாவற்றையும் சொன்னேன். துணி கட்டியது, ஜன்னல், நோட்டு, அவிழ்த்தது, கடைசியில் சொன்ன பொய். "உன் கணக்கு தப்பல. நான்தான் கட்டுனேன். நீ சொன்னதுதான் சரி" என்றேன். சொல்லிவிட்டால் அவளுக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும் என்று நம்பினேன். எனக்கும் பாரம் குறையும் என்று நம்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் உதடு அசைந்தது. எனக்குத் தெரிந்த அதே அசைவு. "மூணும் ஆறும்" என்றாள். "ரெண்டு வீட்டுலதான் தூங்குனாங்க."

"ஆமா."

"மீதி அஞ்சு வீட்டுல யாரும் ஷிப்டு முடிச்சுத் தூங்கல."

"ஆமா."

முதல் முறையாக என் காதை விட்டு என் கண்ணைப் பார்த்தாள். "அப்ப நான் தட்டியிருக்கலாம், இல்லக்கா?" என்றாள்.

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊத்தங்கரை பஸ் வந்தது. அவள் சீட்டை மறுபடியும் அட்டைக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஏறினாள்.